ரோட்டரி டூல் (முனையில் பிட், வீல், பிரஷ் மாட்டிச் சுழற்றும் சிறு கைக்கருவி) வேகம்: எந்தப் பொருளில் உங்களுக்கு என்ன நடந்தது?

சில்லு
3 மி.மீ. அக்ரிலிக் ஷீட், கட்டிங் வீல், டயல் கடைசி எண்ணில். நண்பர் வெட்டினார், நான் ஷீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போட்ட கோட்டில் நேராகத்தான் போனார். வெட்டி முடித்துத் துண்டை இழுத்தால் பிரியவே இல்லை. வீல் முன்னால் வெட்டிக்கொண்டு போக, உருகிய அக்ரிலிக் பின்னாலேயே கோட்டை மூடி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தத் தழும்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வீலின் இரண்டு பக்கமும் மெழுகுபோல் உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. பிறகு வேகத்தை நிமிடத்துக்கு 10,000 சுற்று பக்கம் இறக்கி, ஒரேயடியாக ஆழமாகப் போகாமல் அதே கோட்டில் மேலோட்டமாக நாலைந்து முறை ஓட்டினார். தூளாக உதிர்ந்து, சுத்தமாகப் பிரிந்தது. பிளாஸ்டிக் என்றால் வேகத்தை இறக்குங்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒயர்
ஒயர் பிரஷ். பக்கத்து மேசையில் ஒருவர் துரு எடுத்துக்கொண்டிருந்தார், டயல் 30,000-ல். டிக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஒரு கம்பி என் சட்டையைத் துளைத்து நெஞ்சில் குத்தி நிற்கிறது. நான் நின்றது கைக்கு எட்டாத தூரத்தில். கொஞ்சம் உயரமாக வந்திருந்தால் கண். ஒயர் பிரஷ்ஷுக்கு 15,000-தான் உச்சம், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். புது பிரஷ் என்றால் வேலையைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா சுற்ற விடுங்கள். தளர்ந்த கம்பி எல்லாம் அப்போதே பறந்துவிடும். அந்த நேரம் யாரும் அதன் நேரே நிற்கக் கூடாது.

செதுக்கல்
சில்லு, எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் போடாதீர்கள். கட்டிங் வீல் தேய்க்கிற சாமான், அதற்குப் பல் கிடையாது. அக்ரிலிக்கில் அதை ஓட்டினால் சூடு வரத்தான் செய்யும். பல் வைத்த பிட் போட்டிருந்தால் கதையே வேறு.

என் அனுபவம் மரத்தில். கடினமான மரத்தில் ஒரு பூ செதுக்கல், கடைசி இதழில் கறுப்பாக ஒரு தீய்ந்த கோடு விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எல்லாரும் “வேகம் அதிகம்” என்றார்கள். டயலைத் தொடாமல் பிட்டை மட்டும் மாற்றினேன். அடுத்த இதழ் சுத்தமாக வந்தது, ஒரு நிழல்கூட இல்லை. பழைய பிட் மழுங்கிப்போய் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். மரத்துக்கு நல்ல வேகம் வேண்டும். இறக்கினால் நாரைப் பிய்க்கும், பிட் துள்ளும். கையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் கருகாது.

பித்தளை
அலுமினியத்தில் பிட்டின் பல் அடைத்துக்கொள்வதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? எனக்கு அடைத்தது. பல் இருந்த இடமே தெரியவில்லை, பளபளவென்று ஒரு உலோகக் குமிழ். கொஞ்சம் மெழுகு தேய்த்துவிட்டு வெட்டியதும் சரியானது.

ஆனால் இங்கே யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: பிட்டின் விட்டம். டயலில் காட்டுவது சுற்று எண்ணிக்கை. பொருளைத் தொடுவது பிட்டின் ஓரம். 3 மி.மீ. பிட் 30,000-ல் சுற்றினால் அதன் ஓரம் நிமிடத்துக்குச் சுமார் 283 மீட்டர் ஓடுகிறது. அதே 30,000-ல் 25 மி.மீ. வீலைப் போட்டால் ஓரம் சுமார் 2,356 மீட்டர் ஓடும். டயல் ஒன்றேதான், உரசும் வேகம் எட்டு மடங்குக்கு மேல். கணக்கு எளிது: விட்டம், 3.14, சுற்று மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். விட்டம் மி.மீ.-ல் இருந்தால் விடை மீட்டரில் வரும். “பிளாஸ்டிக்குக் குறைவு, மரத்துக்கு அதிகம்” என்று மட்டும் சொல்லிப் போனால் புதிதாக வருகிறவர் அதே எண்ணைப் பெரிய வீலுக்கும் வைப்பார். ஃபெல்ட் வீலில் பாலிஷ் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 15,000-ஐத் தாண்டினால் பாலிஷ் மருந்து தெறித்துப் போகும், பொருள் சுடும், பளபளப்பு வராது.

ஸ்டீலில் துளை போடுகிறவர்களுக்கு: எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில்லின் ஓரம் சாதாரண ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் ஓடினால் போதும். 2 மி.மீ. டிரில் என்றால் அது சுமார் 4,000 முதல் 4,800 சுற்று. நம் கருவிகள் பலவற்றில் தொடக்க வேகமே 5,000! அதனால் ஸ்டீல் துளைக்கு டயல் அடிமட்டத்தில் இருக்கட்டும், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள். கார்பைடு பிட் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் உடையும். நீளமான பிட்டை கோலெட்டுக்கு (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) வெளியே அதிகம் நீட்டி வைத்து வேகம் ஏற்றுவதும் ஆபத்து. பிட்டின் மெல்லிய தண்டு (ஷாங்க்) வளைந்து சாட்டையடிக்கும்.

கார்பன்
எல்லோரும் இறக்கு இறக்கு என்கிறீர்கள், மோட்டாரை யார் பார்ப்பது? இந்தக் கருவிகளில் விசிறி மோட்டார் ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். 5,000-ல் வைத்து ஒரு ஸ்டீல் பட்டையை சாண்டிங் டிரம்மால் (உப்புத்தாள் சுற்றிய சிறு உருளை) அழுத்தித் தேய்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சத்தம் கம்மிப்போய், பிறகு அந்த எரிந்த வார்னிஷ் வாடை. கருவியைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. பித்தளை சொன்ன ஸ்டீல் துளைக்கும் இது பொருந்தும்: இறக்குங்கள், ஆனால் அழுத்தாதீர்கள். சத்தம் இறங்கினால் உடனே கையை எடுங்கள். இடையிடையே சுமை இல்லாமல் வேகமாகச் சுற்றவிட்டால் மோட்டார் ஆறும்.

பாட்டில்
கண்ணாடி பாட்டிலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன், டயமண்ட் பிட், தண்ணீர் இல்லாமல். எழுத்தெல்லாம் அழகாக வந்தது. கருவியை நிறுத்தி மேசையில் வைத்த பிறகுதான் அந்தச் சத்தம், கடைசி எழுத்திலிருந்து அடி வரை ஒரு விரிசல். பிட் தொட்ட இடம் மட்டும் சூடாகி மற்ற இடம் குளிர்ந்திருந்தால் கண்ணாடி தாங்காது. கண்ணாடிக்கு டயல் எண்ணை விடத் தண்ணீர் முக்கியம் என்பது என் கருத்து. தூளும் காற்றில் பறக்காது. கரண்டில் ஓடும் கருவியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் (மோட்டாரையும் கைப்பிடியையும் இணைக்கும் வளையும் குழாய்) இருந்தால் மோட்டார் தள்ளியே தொங்கும். கல்லில் வேலை செய்கிறவர்களும் நனைத்தே வெட்டுங்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். சிலிக்கா தூள் நுரையீரலை விட்டுப் போகாது.

சில்லு
செதுக்கல், நீங்கள் சொன்ன பல் பிட்டைப் போட்டு அதே ஷீட்டில் ஓட்டிப் பார்த்தோம். 12,000 பக்கம் சில்லு சில்லாக வந்தது, ஒட்டவில்லை. பிட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அப்புறம் டயலை முழுக்க ஏற்றினோம். பல் இடுக்கெல்லாம் உருகி அடைத்துக்கொண்டது, கோடு மறுபடி மூடிவிட்டது. வேகத்துக்குப் பங்கே இல்லை என்றால் அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.