முதல் கேஸோடு நிற்பவர், மறுபடி மாட்டுபவர்: குமரியில் நீங்கள் பார்த்தது என்ன?

இரணியல் வக்கீல்:
ஒருவர் முதல் கேஸோடு ஏன் நிற்கிறார், இன்னொருவர் ஏன் மறுபடி மாட்டுகிறார் என்ற கேள்விக்குக் கதைகள் வேண்டாம். எந்த மனு பலித்தது, எந்த நிபந்தனை ஆளைக் கவிழ்த்தது என்று மட்டும் எழுதுவோம். நீதிமன்றப் பக்கத்தை நான் தொடங்குகிறேன்.

சிறைக்குப் பதிலாகப் பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்க வழி செய்வது 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் பிரிவு 6 நம் பையன்களுக்குப் பெரிய கவசம். ஆயுள் தண்டனை வரை போகாத குற்றமாக இருந்து, வயதும் 21-க்குக் கீழ் என்றால், ஏன் சிறை என்று காரணம் எழுதாமல் நீதிபதி சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் கணக்கில் வருவது சம்பவ நாளின் வயதல்ல, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளின் வயது. உச்ச நீதிமன்றம் இதை 1962-லேயே சொல்லிவிட்டது. 19 வயதில் கேஸ், மூன்று வருடம் வாய்தா என்றால் பிரிவு 6 போய்விடும். பிறகு வயது வரம்பு இல்லாத பிரிவு 4-ஐத்தான் கேட்க வேண்டும், அது நீதிபதியின் விருப்பம். ஆகவே 20 வயதுப் பையனுக்கு வாய்தா வாங்கித் தருவது அவனுக்குச் செய்யும் உதவி அல்ல.

அடுத்த தவறு, 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டி முடிச்சிரு' என்ற யோசனை. அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் தண்டனை பதிவில் நின்றுவிடும். நன்னடத்தையில் விடுவித்தால் பிரிவு 12 இருக்கிறது. தண்டனை பெற்றவர் என்பதற்காகச் சட்டம் விதிக்கும் தகுதியிழப்பு அவருக்கு ஒட்டாது. அதற்காக அரசு வேலை விண்ணப்பத்தில் கேஸ் விவரம் கேட்டால் மறைக்கக் கூடாது. கேஸை விட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும்.

நன்னடத்தைப் பிரிவில் பணி செய்து ஓய்வு பெற்றவர்:
வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. பிரிவு 6-ல் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். அந்த அறிக்கை ஸ்டேஷன் சொன்னதைத் திருப்பி எழுதியதாக இருந்தால் அதனால் எந்தப் பலனும் இல்லை. நல்ல அறிக்கையில் நான்கு விஷயம் இருக்கும்: இரவு எங்கே தூங்குவான், காலையில் யாரிடம் வேலைக்குப் போவான், குடி உண்டா, வீட்டில் யார் சொன்னால் கேட்பான். அம்மா முன்னால் பேசினால் பையன் வாயைத் திறக்க மாட்டான், தனியாகக் கேட்க வேண்டும். வேலை கொடுப்பவரையும் நேரில் பார்க்க வேண்டும், போனில் எல்லோரும் 'சரி' என்றுதான் சொல்வார்கள்.

பிரிவு 4-ல் பிணைப்பத்திரம் அதிகபட்சம் 3 ஆண்டு. மேற்பார்வை உத்தரவு போட்டால் குறைந்தது 1 ஆண்டு. இதில் உடைவது பெரும்பாலும் நேரம்தான். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன் விடியுமுன் தோட்டத்தில் இருக்க வேண்டும். வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து முடிக்க மதியம் ஆகும். அவனைக் காலை 10 மணிக்கு நாகர்கோவிலுக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போச்சு. நான்கு முறை இப்படி நடந்தால் முதலாளி வேறு வெட்டுக்காரரைப் பார்த்துக்கொள்வார். மாலை நேரமாக மாற்றக் கேட்கலாம், பத்திர நிபந்தனையை மாற்றும் பிரிவு 8 அதற்குத்தான். ஒரு முறை தவறிவிட்டால் ஒளிய வேண்டாம். முதல் தவறுக்கு 50 ரூபாய் வரை அபராதம் விதித்து, பத்திரத்தைத் தொடர விட பிரிவு 9 இடம் தருகிறது. ஒளிந்தவனுக்குத்தான் வாரன்ட் வருகிறது.

தூத்தூர், விசைப்படகு வைத்திருப்பவர்:
கடலுக்கும் இதே சிக்கல்தான் அண்ணா. ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப 30, 40 நாள் ஆகும். ஜாமீனில் 'தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து' என்று போட்டுவிட்டால் கரையில் சும்மா இருக்க வேண்டியதுதான். கையில் காசும் இல்லாமல், பழைய கூட்டும் பக்கத்திலேயே இருந்தால் என்ன ஆகும்? இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டதும் நிபந்தனைத் தளர்வு மனு போடச் சொல்லுங்கள், படகு உரிமையாளர் கடிதத்தோடு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சாட்சி விசாரணையை அந்த இரண்டு மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். சின்னமுட்டம் பக்கம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

வாய்தாவுக்கு வராமல் போனால் பழைய கேஸோடு முடியாது. ஜாமீனில் இருப்பவர் தகுந்த காரணமின்றி ஆஜராகாததே பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 269-ன் கீழ் தனிக் குற்றம், ஒரு வருடம் வரை சிறை. திருடாமலே இரண்டாவது கேஸ் வருவது இப்படித்தான்.

மனநலப் பிரிவு செவிலியர்:
குடி நோயாளியை ரிமாண்ட் செய்தால் இரண்டாம் மூன்றாம் நாள் கவனம் தேவை. கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு எல்லாம் வரலாம். இதை 'நடிக்கிறான்' என்று அடித்தால் உயிரே போகும். கைதான அன்றே மருத்துவப் பரிசோதனையில், கடைசியாக எப்போது குடித்தான், தினம் எவ்வளவு என்று சொல்லி எழுத வையுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். விடுதலையாகும் நாளில் மருந்துச் சீட்டு கையில் இல்லாவிட்டால் அன்று மாலையே கடைதான். போதை ஊசிப் பழக்கம் இருந்தவர்களுக்கு இன்னொரு ஆபத்து: உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

இரணியல் வக்கீல்:
ரப்பர் ஷீட்டு, ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர்) திருட்டு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவு 303(2)-ல், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. எனவே எஃப்.ஐ.ஆரில் எழுதும் மதிப்பில் எல்லாம் இருக்கிறது. கிலோ 190 ரூபாய் என்று வைத்தால் 26 கிலோ ஷீட் 4,940 ரூபாய். புகாரில் சும்மா 8,000 என்று எழுதியிருந்தால், ரப்பர் வாரியத்தின் அன்றைய விலையையும் எடையையும் வைத்து மறுக்க வேண்டும். முன்னே சொன்ன 'ஃபைன் கட்டி முடி' தண்டனை ஒன்று ஏற்கெனவே இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சமூக சேவை எத்தனை மணி நேரம் என்று சட்டத்தில் இல்லை. உத்தரவிலேயே இடம், நாள், நேரம், யார் மேற்பார்வை, யார் சான்று தருவார் என்று எழுதி வாங்குங்கள். 'பஞ்சாயத்தில் வேலை செய்ய வேண்டும்' என்று மட்டும் இருந்தால் அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள், சான்று கிடைக்காமல் பையன் அலைவான்.

சட்ட உதவித் தன்னார்வலர்:
ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தார் இல்லாமல் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. ஏழு நாளில் வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வாடகை ஜாமீன்தாரைப் பிடித்துக் கடனாளியாக வெளியே வருகிறவன் அந்தக் கடனை எப்படி அடைப்பான் என்று யோசியுங்கள்.

முதல் கேஸ் விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479-ன் கீழ் விடுவிக்கக் கண்காணிப்பாளரே எழுத வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. இன்னொரு கேஸ் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. பழைய சின்னக் கேஸை முடிக்காமல் விடக் கூடாது என்பது இதனால்தான்.

நன்னடத்தைப் பிரிவில் பணி செய்து ஓய்வு பெற்றவர்:
முதல் கேஸ்காரனைத் திருட்டையே தொழிலாக வைத்திருப்பவர்களோடு சிறையில் ஒரே அறையில் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கனடாவில் ஆண்ட்ரூஸ், போன்டா ஆகியோர் 1990-லேயே காட்டினார்கள்: ஆபத்துக் குறைந்தவனைத் தீவிரத் திட்டத்துக்குள் தள்ளினால் அவன் கெடவும் வாய்ப்புண்டு, உழைப்பையும் கண்காணிப்பையும் ஆபத்து அதிகமுள்ளவன் மேல் செலவிட வேண்டும். நம்மிடம் தலைகீழாக நடக்கிறது. பழக்கக் குற்றவாளிக்குக் கோட்டாட்சியர் முன் பி.என்.எஸ்.எஸ். 129-ன் கீழ் நன்னடத்தைப் பத்திரம், அதை மீறினால் சிறை, அதற்கு மேல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 12 மாதம் வரை காவல். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவன் திரும்பும் நாளில் அவனுக்காக யாரும் ஒரு வேலையைப் பேசி வைத்திருப்பதில்லை. விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே சிறை நல அலுவலரிடம் வேலை கொடுப்பவர் பெயரையும், தங்கும் வீட்டு முகவரியையும் கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். கேஸ் முடியும் வரை காத்திராமல் போலீஸ் கைப்பற்றிய செல்போனையும் பைக்கையும் பி.என்.எஸ்.எஸ். 497-ன் கீழ் மனு போட்டு மீட்கலாம். பைக் இல்லாமல் விடியுமுன் எந்தத் தோட்டத்துக்கும் போக முடியாது.

தூத்தூர், விசைப்படகு வைத்திருப்பவர்:
வக்கீல் சார், வளைகுடா வேலை வந்தால்? கேஸ் நடக்கிறது, பாஸ்போர்ட் கிடைக்குமா?

இரணியல் வக்கீல்:
கேஸ் நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி மனு போடுங்கள். உத்தரவில் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடச் சொல்லுங்கள். காலம் எழுதாவிட்டால் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் பாஸ்போர்ட் தருவார்கள், வளைகுடா விசாவுக்கு அது போதாது.