பேட்டில்டெக்: பொங்கலுக்கு முழு விதியா, ஆல்ஃபா ஸ்டிரைக்கா?

தேவகோட்டை_பகடை:
பொங்கலுக்குக் காரைக்குடி வீட்டில் எட்டுப் பேர் கூடுகிறோம். தீபாவளிக்கு பேட்டில்டெக் மேசை விளையாட்டை, நாலுக்கு நாலு மெக் (ராட்சதப் போர் ரோபோ) வைத்து முழு விதிகளில் ஆடினோம். மதியம் சாப்பிட்டதும் வளவில் உட்கார்ந்தோம். அப்பத்தா விளக்கேற்ற வரும்போது மூன்று சுற்றுதான் முடிந்திருந்தது. சின்னப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து பல்லாங்குழிக்குப் போய்விட்டார்கள். இந்த முறை அதன் சுருக்க வடிவமான ஆல்ஃபா ஸ்டிரைக்தான். மெக்குக்கு ஓர் அட்டை, தாக்குதலுக்கு ஒரே வீச்சு, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

வெப்பம்_முப்பது:
அண்ணே, அப்படிச் செய்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். 70 டன் வார்ஹாமர் மெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிபிசி (துகள் பீரங்கி) சுட்டால் மெக்கில் ஏறும் வெப்பம் 20. இரண்டு மீடியம் லேசர் 6. ஓடினால் 2. ஆக 28. வெப்பத்தைத் தணிக்கும் ஹீட் சிங்க் 18 இருப்பதால் மிச்சம் 10. நடை இரண்டு கட்டம் குறையும், குறியும் தப்பும். அடுத்த சுற்றும் அப்படியே அடித்தால் 20. இரண்டு பகடையில் 6க்குக் கீழே விழுந்தால் மெக் அணைந்துவிடும், உள்ளே இருக்கும் குண்டும் வெடிக்கலாம். சுடலாமா, பொறுக்கலாமா என்ற அந்தத் தவிப்புக்காகத்தான் நான் ஆட வருகிறேன். ஆல்ஃபா ஸ்டிரைக்கில் வெப்பம் நாலே படி.

தேவகோட்டை_பகடை:
தவிப்பு உனக்கு இருந்தது தம்பி. பையன்களுக்கு இருந்தது காத்திருப்பு. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனி வீச்சு, எங்கே பட்டது என்று இன்னொரு வீச்சு, அப்புறம் கவசத்தில் பென்சிலால் ஒவ்வொரு வட்டமாக அடிப்பது. மேலே ஃபேன் சுற்றுகிறது, தாள் பறக்கிறது. பதினொரு வயசுப் பையன் எவ்வளவு நேரம் பொறுப்பான்?

ஆத்தங்குடி_அறுகோணம்:
அந்த விளையாட்டில் நானும் இருந்தேன். பையன் எழுந்து போனதற்கு வெப்பம் காரணமில்லை. அவன் கையில் இரண்டு மெக் கொடுத்ததுதான் தப்பு. முதல் சுற்றில் பல்லாங்குழிச் சோழி ஒன்றை வெப்ப அட்டவணையில் வைத்து அவனே நகர்த்திக்கொண்டிருந்தான். சோழி 14ஐத் தொட்டதும் பகடையை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆளுக்கு ஒரு மெக் போதும். முழு விதி, ஆனால் எல்லாம் 20 முதல் 35 டன் வரை. கவசம் குறைவு, சீக்கிரம் விழும்.

தேவகோட்டை_பகடை:
லைட் மெக்கென்றால் அட்லஸ் கிடையாதே. 100 டன் மெக்கைப் பார்க்கத்தான் அவன் பெட்டியையே திறக்கச் சொன்னான். நான் ஆல்ஃபா ஸ்டிரைக் அட்டைகளைக் கொண்டுவருகிறேன். ஆளுக்கு மூன்று மெக், அதில் அட்லஸும் உண்டு.

வெப்பம்_முப்பது:
சரி, கொண்டுவாருங்கள். திண்ணையில் உங்கள் ஆட்டம் நடக்கட்டும். வளவில் நான் அறுகோண மேப்பை விரித்து, ஆளுக்கொரு மெக் வைத்து, சோழியோடு உட்காருகிறேன். பையன் எந்தப் பக்கம் வருகிறானோ வரட்டும்.