34 அங்குல 3440×1440-ஆ, 27 அங்குல 4கே-வா? பிக்சல் கணக்கில் குழப்பம்

இரவுக்கோட்டான்:
இப்போது இருப்பது 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர். பகலில் புரோகிராம் கோடு எழுதுவேன், ராத்திரி கேம். புதிதாக வாங்க இந்த இரண்டைத்தான் பார்த்து வைத்திருக்கிறேன் (4கே என்றால் 3840×2160). அகலத்தில் 3440-க்கும் 3840-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உயரத்தில் ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சுமைதானே? கார்டை மாற்றுவதாக இல்லை.

சதுரவேர்:
தனித்தனியாகப் பார்க்காதீர்கள், பெருக்குங்கள். ஃபுல் எச்டி (1920×1080) 20,73,600 பிக்சல். 3440×1440, அதாவது அல்ட்ராவைடு என்றால் 49,53,600. 4கே 82,94,400, அதாவது இப்போது உங்கள் கார்டு வரைவதைப் போல சரியாக 4 மடங்கு. அல்ட்ராவைடுக்கு 2.4 மடங்கு போதும். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 4கே-யில் கிட்டத்தட்ட 50 கோடி பிக்சலுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரே சுமையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக ஃபிரேம் அப்படியே கால்வாசியாகிவிடும் என்றும் இல்லை. கேமில் எதிரி எங்கே நகர்கிறான், பந்து எங்கே விழுகிறது என்பதெல்லாம் பிராசசர் வேலை. அதற்கு ரெசல்யூஷன் ஒரு பொருட்டே அல்ல. இப்போது பிராசசர்தான் திணறுகிறது என்றால் இறக்கம் குறைவாகத் தெரியும். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் கணக்கைவிட மோசமாகும்.

(சும்மா ஒரு தகவல்: 1440×1440 என்று சதுரமாக ஒரு விண்டோ திறந்தால் அதில் இருப்பதும் 20,73,600 பிக்சல்தான். ஃபுல் எச்டிக்கு அச்சுஅசல் சமம். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.)

மூன்றாம்கண்:
4கே வாங்கி, கேமை மட்டும் ஃபுல் எச்டியில் ஓட்டலாமே? ஒவ்வொரு பிக்சலும் 2×2 கட்டமாக உட்கார்ந்துவிடும். கிராஃபிக்ஸ் டிரைவரில் இன்டீஜர் ஸ்கேலிங்கை (பிக்சலை முழு மடங்காக மட்டும் பெரிதாக்கும் வசதி) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மங்கலடிக்கும்.

இரவுக்கோட்டான்:
இது நல்ல யோசனை! அப்போது கோடு எழுதவும் 4கே-தானே மேல்? பிக்சல் அதிகம், வரிகளும் அதிகம் தெரியும்.

சதுரவேர்:
அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. 27 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு 163 பிக்சல். திரையில் எல்லாவற்றின் அளவையும் கூட்டிக் குறைக்கும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். எல்லாரும் 150-க்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றியதும் விண்டோக்களைப் பரப்பக் கிடைக்கும் இடம் 2560×1440 அளவுக்குத்தான். அல்ட்ராவைடிலோ அங்குலத்துக்கு 110, ஏற்றவே வேண்டாம், 3440 அகலமும் அப்படியே கையில் இருக்கும். உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆக வரிகளின் எண்ணிக்கையில் மாற்றமில்லை, பக்கத்தில் இன்னொரு ஃபைலைத் திறந்து வைக்க இடம் கிடைப்பது அல்ட்ராவைடில்தான்.

4கே-யில் எழுத்தின் ஓரம் அச்சடித்த மாதிரி கூர்மையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. நாள் முழுக்க எழுத்தையே பார்ப்பவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனாலும் கார்டை மாற்றமாட்டேன் என்கிறீர்களே, என் ஓட்டு அல்ட்ராவைடுக்கு.

இரவுக்கோட்டான்:
சரி. லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4. அதையும் இதிலேயே மாட்டலாமா?

மூன்றாம்கண்:
அந்த போர்ட்டில் 4கே நொடிக்கு 30 தடவைக்கு மேல் புதுப்பிக்காது. மவுஸ் இழுத்து இழுத்து வரும். இன்னொரு ஓட்டும் அல்ட்ராவைடுக்கே.