தண்ணி றிங் வெக்கியூம் பம்ப்: எங்கட தண்ணிக்கு எது தாங்கும்?

கிளிநொச்சியிலிருந்து:
வார்ப்பிரும்புப் பம்ப் துருவேறி இறுகினவுடனே கனபேர் 316 ஸ்ரெயின்லெஸ் (துருவேறாத உருக்கில ஒரு தரம்) தேடுறது. பிழையில்லை, ஆனா காசைக் குடுக்க முன்னம் உள்ள போற தண்ணியைப் பாருங்கோ. உந்தப் பம்பில காத்தை இழுக்கிறதே உள்ள சுத்துற தண்ணி வளையம்தான். குழாய்க்கிணத்துத் தண்ணி எண்டால், கேத்தில் அடியில படியிற அதே சுண்ணாம்பு இம்பெல்லருக்கும் (சுத்துற இதழ்ச் சக்கரம்) போட் பிளேற்றுக்கும் (காத்து போய்வாற துளைத் தட்டு) நடுவில ஏறும். அந்த இடைவெளி மில்லிமீற்றரில ஒரு சின்னப் பங்குதான். முதல்ல அம்பியர் மெல்ல ஏறும், பிறகு சும்மா நிப்பாட்டி வச்சால் சாவ்ற் அசையாது. ரெஞ்ச் போட்டு நெம்பாதேங்கோ, இதழ் வெடிக்கும். 20 லீற்றர் தண்ணிக்கு 1 கிலோ சிற்றிக் அசிட் கரைச்சு நிரப்பி, சில மணித்தியாலம் ஊறவிட்டு, கையால சுத்திப் பாத்து, நல்ல தண்ணியால அலசுங்கோ. கக்கூஸ் கழுவுற அசிட் வேண்டவே வேண்டாம். அதில ஐதரோகுளோரிக் இருந்தால் 316ஐயும் தின்னும்.

முல்லைத்தீவிலிருந்து:
கரையோரம் உவர்த்தண்ணி. மற்ற ஸ்ரெயின்லெஸ் தரமான 304 வாங்காதேங்கோ. 316இல 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கிறதால கூடத் தாங்கும். ஆனா உவர்த்தண்ணி தேங்கி நிண்டால் சுண்ணாம்புப் படைக்குக் கீழ அதுவும் ஊசித்துளை விழும். நிப்பாட்ட முன்னம் நல்ல தண்ணி விட்டு ஓட்டி, பிறகு முழுக்க வடியுங்கோ.

வவுனியாவிலிருந்து:
அண்ணை, அரிப்பு எண்டு கொண்டு வாறதில கன பம்ப் அரிச்சதே இல்லை. இதழ் நுனியில சொரசொரப்பாக் குழி, ஓடேக்க சல்லி உருளுற சத்தம்: அது கவிற்றேசன். பம்ப் எவ்வளவு இழுக்கும் எண்டு கம்பெனி தாற அட்டவணை பெரும்பாலும் 15 பாகைத் தண்ணிக்குப் போட்டது. அப்ப தண்ணியின்ர ஆவியமுக்கம் 17 மில்லிபார். தகரக் கூரைக்கு மேல வச்ச ராங்கில 35 பாகை எண்டால் 56. அதோட 60 மில்லிபாருக்கு இழுத்தால் தண்ணி உள்ளுக்கே கொதிச்சுக் குமிழி வெடிச்சு உலோகத்தைப் பிடுங்கும். இதுக்கு 316 மருந்தில்லை. ராங்கை நிழலுக்கு மாத்துங்கோ, உறிஞ்சுற பக்கம் சின்ன வால்வ் வச்சுக் கொஞ்சம் காத்து விடுங்கோ. சத்தம் நிண்டால் சரி.

பரந்தனிலிருந்து:
கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த ஊர், அதால இதையும் சொல்லவேணும். ஈரக் குளோரினுக்கு ரைற்றேனியம் நல்லாத் தாங்கும். உலர்ந்த குளோரினில அதே ரைற்றேனியம் தீப்பிடிக்கும். உலர்ந்த குளோரின் இழுக்கிற பம்பில வளையத்துக்குத் தண்ணிக்குப் பதிலா அடர் சல்பூரிக் அசிட், உடம்பு இரும்பு. ஈரம் உறிஞ்சி அசிட் ஐதாகினால் இரும்பு கரையத் தொடங்கும், அதால அடர்த்தியைப் பாத்துப் பாத்து மாத்தவேணும்.

கிளிநொச்சியிலிருந்து:
வவுனியாத் தம்பி சொன்னது சரி. ஸ்ராட் பண்ணேக்க தண்ணி சாவ்ற் மட்டத்துக்கு மேல நிக்கக்கூடாது, மோட்டருக்குச் சுமை. லைன் வேலை நடந்தால் மின்சாரப் பேஸ் வரிசை மாறி மோட்டர் எதிர்ப்பக்கம் சுத்தக்கூடும், தண்ணி விட்டுட்டு ஒரு தட்டுத் தட்டி அம்புக்குறிப் பக்கம் சுத்துதோ எண்டு பாருங்கோ.