மெடிக்கல் ஸ்கூல் டைவர்சிட்டி கட்டுரை: பாட்டியா, ஆம்புலன்ஸா?

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான ஆம்காஸ் பொது விண்ணப்பத்தை ஜூனிலேயே அனுப்பிவிட்டாள். இப்போது ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி கட்டுரைகள் வந்து குவிகின்றன. இரண்டு வாரத்துக்குள் அனுப்புவது நல்லது என்கிறார்கள். உன் பின்னணியும் அனுபவமும் எங்கள் வகுப்புக்கு எதைச் சேர்க்கும் என்று கேட்கும் டைவர்சிட்டி கேள்வியில்தான் சிக்கி நிற்கிறாள்.

முதலில் பரதநாட்டியம் பற்றி எழுதினாள். நம் பிள்ளைகள் பலரும் அதையே எழுதுவதாகக் கல்லூரி ஆலோசகர் சொன்னார். பிறகு குடியேறிய குடும்பம் என்று எழுதினாள்; அதில் நானும் அவள் அப்பாவும்தான் இருந்தோம், அவள் இல்லை. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற 2023 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பின்னணியைச் சொன்னால் மட்டும் போதாது, அது அவளை எப்படி உருவாக்கியது என்று காட்ட வேண்டும்.

மிச்சம் இரண்டு விஷயங்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் மாமியாருக்குப் பள்ளி நாளிலிருந்தே அவள்தான் டாக்டர் சொல்வதைத் தமிழில் விளக்குகிறாள். பொட்டாசியம் ஏறும் என்று புரியவைத்து, இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தவைத்ததும் அவள்தான். நாங்கள் சொல்லி அத்தை கேட்டதே இல்லை. இன்னொன்று, ஊர் ஆம்புலன்ஸ் குழுவில் தன்னார்வலராக இரவுப் பணி.

எனக்கு முதலாவதுதான் உயிருள்ளதாகப் படுகிறது. ஆனால் ஆம்காஸோடு ஏற்கெனவே போய்விட்ட பெர்சனல் ஸ்டேட்மென்ட் கட்டுரையில் பாட்டி ஏற்கெனவே ஒரு பத்தியில் வருகிறார்.

விண்ணப்பித்து முடித்தவர்கள் சொல்லுங்கள்: அங்கே தொட்டதையே இங்கே விரித்து எழுதலாமா, அல்லது ஆம்புலன்ஸ் பணிக்கு மாறுவதுதான் சரியா?