இளநிலை இயற்பியலுக்குச் சிறிய பல்கலைக்கழகம் போதுமா?

கேள்வி
வணக்கம். இயற்பியலில் இளநிலைப் பட்டமும், பிறகு முனைவர் பட்டமும் பெற வேண்டும் என்பது என் விருப்பம். மொத்தமே இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இயற்பியல் துறையில் பேராசிரியர்கள் ஆறு பேர்தான். ஆசிரியர்களோடு நெருங்கியிருந்து கற்கலாம் என்று மனம் சொன்னாலும், பெரிய ஆய்வுக்குழுக்கள் இல்லாத இடத்தில் படித்தால் மேற்படிப்புக்கு வழி அடைபட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். எதைப் பார்த்து முடிவு செய்யலாம்?

பதில் 1
இத்தகைய துறை ஒன்றில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தரவரிசையை ஒதுக்கிவிட்டு, கடந்த நான்கு ஆண்டுகளின் வகுப்பு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பாடத்திட்டக் கையேட்டில் எல்லாப் பாடங்களும் இருக்கும். உண்மையில் எவை நடந்தன என்பதை அட்டவணைதான் காட்டும். ஆறு பேரால் எல்லா உயர்நிலைப் பாடங்களையும் ஆண்டுதோறும் நடத்த இயலாது என்பதால், சிலவற்றை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்துவார்கள். அது குறையன்று. ஆனால் கணிதத்தில் ஒரு பருவம் பின்தங்கும் மாணவர், குவாண்டம் இயக்கவியலைத் தவறவிட்டு, அது மீண்டும் வரும்போது பட்டமே முடிந்திருக்கும் நிலையை நான் கண்டிருக்கிறேன். மின்காந்தவியலும் குவாண்டம் இயக்கவியலும் இரண்டு பருவங்களுக்கு நடக்கின்றனவா, ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றால் அவர் பாடத்தை யார் எடுப்பார் என்பவற்றையும் தயங்காமல் கேளுங்கள்.

பதில் 2
நான் அப்படியொரு துறையில் படித்தவள். மூன்றாம் ஆண்டில் மியூவான் என்ற அடிப்படைத் துகளின் ஆயுட்காலத்தை அளந்தபோது, 2.2 மைக்ரோ நொடி வரவேண்டிய இடத்தில் மூன்றுக்கு மேல் வந்தது. பேராசிரியர் விடையைச் சொல்லாமல், என் பக்கத்தில் அமர்ந்து வரைபடத்தின் வால்பகுதியை மட்டும் விரலால் காட்டினார். தற்செயலாகப் பதிவாகும் பின்னணி எண்ணிக்கையை நான் கழிக்கவே இல்லை! பின்னர் அவர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில், நான் பிழையைத் தேடிய விதத்தைத்தான் விரிவாக எழுதியிருந்தாராம். அமெரிக்காவின் ரீட் கல்லூரியில் 1968 முதல் இயங்கும் ஆய்வு அணு உலையை உரிமம் பெற்ற இளநிலை மாணவர்களே இயக்குகிறார்கள். 2006இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜான் மாதர், ஸ்வார்த்மோர் என்ற சிறிய கல்லூரியில் இளநிலை படித்தவர். ஆகவே, ஆய்வகக் கருவிகளை மாணவர்கள் தாமே கையாளுகிறார்களா என்று நேரில் சென்று பாருங்கள்.

பதில் 3
ஓர் எச்சரிக்கை. வானியற்பியல்தான் வேண்டும் என்று இப்போதே உறுதியாக இருந்து, அந்த ஆறு பேரில் எவரும் அத்துறையில் இல்லையென்றால், கோடை விடுமுறைகளில் வேறிடம் சென்று ஆய்வு செய்யத் துறை உதவுமா என்பதை முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. அட்டவணைகளைக் கேட்டு இன்றே பெற்றேன். நான்கு ஆண்டுகளில் குவாண்டம் இயக்கவியலின் இரண்டாம் பருவம் ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது. அடுத்து எப்போது நடக்கும் என்று துறைத்தலைவருக்கு எழுதியிருக்கிறேன். அவருடைய பதிலைப் பார்த்த பிறகே சேர்வதை உறுதி செய்வேன்.