கதைக்குறிப்பை விளக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

கேள்வி: நெடுவழி

வணக்கம். கட்டுரைகளிலும் சில சமயம் மேடையிலும், பழைய கதை ஒன்றை முழுவதும் சொல்லாமல் நினைவூட்டி மட்டும் செல்வது என் வழக்கம். அண்மையில் ஒரு மூத்த அதிகாரியின் கடைசிப் பணிக்காலத்தைப் பற்றிய கட்டுரையில், "வேண்டிய நேரத்தில் அவருடைய தேர்ச்சக்கரமும் மண்ணில் புதைந்தது" என்று எழுதியிருந்தேன். இளம் வாசகர்களுக்கு இது புரியாது என்றும், கர்ணன் கதையை அடைப்புக்குறிக்குள் இரண்டு வரியில் சொல்லிவிடும்படியும் பதிப்பாசிரியர் குறித்து அனுப்பினார். விளக்கினால் வரியின் வலு குறைகிறது. விளக்காவிட்டால் கதை அறியாதவர் வெளியிலேயே நின்றுவிடுகிறார். நம் புலவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்? பேச்சுக்கும் எழுத்துக்கும் இதில் வேறுபாடு உண்டா?

மறுமொழி: சுவடிவாசி

உங்கள் கேள்விக்குச் சங்கப் பாடல்களிலேயே நல்ல விடைகள் இருக்கின்றன. புறநானூற்றின் 378ஆம் பாடலில் ஊன்பொதி பசுங்குடையார், சோழன் அளித்த அணிகலன்களைக் கண்ட தம் சுற்றத்தார் விரலுக்குரியதைக் காதிலும் இடுப்புக்குரியதைக் கழுத்திலும் மாற்றி மாற்றி அணிந்துகொண்டதைச் சொல்கிறார். அரக்கன் சீதையைக் கவர்ந்து சென்ற நாளில் நிலத்தில் விழுந்த நகைகளைக் கண்டெடுத்து அணிந்த குரங்குக் கூட்டத்தைப் போல அவர்கள் தோன்றினார்கள் என்பது அவருடைய உவமை. இராமன், சீதை, அரக்கன், நகை, குரங்கு ஆகிய எல்லாவற்றையும் அவர் உவமைக்குள்ளேயே வைத்துவிடுவதால், கதையை முன்பின் கேளாதவரும் காட்சியைக் கண்டுவிட முடிகிறது. கதை அறிந்தவருக்கோ கூடுதலாக ஒன்று கிடைக்கிறது: சீதையின் துயரத்தில் சிதறிய நகைகள் இங்கே நீங்காத சிரிப்புக்குக் காரணமாகின்றன, அந்தச் சிரிப்புக்கு அடியில், அதுவரை நகையையே கண்டிராத வறுமையும் தெரிகிறது. பாடலின் அழகே அந்த இரட்டை உணர்ச்சியில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன்.

அகநானூற்றின் 70ஆம் பாடல் இன்னும் வியப்பானது. காதலர்களைப் பற்றி அலர் தூற்றிக்கொண்டிருந்த ஊர், திருமணம் உறுதியானதும் வாயடங்கிப் போனதைச் சொல்ல வந்த மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார், பாண்டியரின் பழைய கோடி என்னும் கடற்றுறையில் இராமன் மறைபொருளை ஆராய்ந்தபோது ஒலியவித்த, பல விழுதுகளையுடைய ஆலமரத்தை உவமையாக்குகிறார். வான்மீகி நூலிலும் கம்பர் நூலிலும் இந்தச் செய்தி இல்லை. ஆகவே இன்றைய வாசகர் பெரும்பாலோருக்கு இக்குறிப்பின் மூலக்கதை தெரியாது. ஆயினும், ஆரவாரம் மிக்க பெருமரம் ஒன்று சட்டென்று அடங்கியது என்ற காட்சி மட்டுமே ஊரின் மௌனத்தை உணர்த்திவிடுகிறது.

இவற்றுக்கு எதிர்முனையில் "இந்திரனே சாலுங் கரி" என்று முடியும் குறளை வைக்கலாம். ஐம்புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே சான்று என்கிறார் வள்ளுவர். எவ்வகையில் சான்று என்பதை அவர் சொல்லவில்லை. புலனடக்காமல் சாபம் பெற்றதன் மூலம் அடக்கியவனுடைய ஆற்றலை இந்திரன் உணர்த்தினான் என்று பரிமேலழகர் உரை கூறிய பிறகே பலருக்கு அது விளங்குகிறது. இவ்வகைக் குறிப்பு உரையாசிரியரை நம்பியே வாழ்கிறது. நாளிதழிலோ இணையத்திலோ எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

உங்கள் தேர்ச்சக்கரம் ஆலமரத்தின் பக்கம் சேர்ந்தது. ஓட வேண்டிய சக்கரம் வேண்டிய நேரத்தில் புதைந்துவிட்டது என்பது கதை தெரியாதவருக்கும் எட்டும். அடைப்புக்குறி தேவையில்லை, அதைச் சேர்த்தால், வாசகர் தாமாக அடைய வேண்டிய இடத்தில் நீங்கள் முன்பே போய் நின்றுகொள்வீர்கள்.

மறுமொழி: அவையோன்

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். வாசகர் விரும்பினால் ஒரு வரியில் நின்று யோசிக்கலாம், திரும்பியும் படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே மேடையில் குறிப்பு ஒன்றைச் சொன்னால், அதை அடையாளம் காண்பதற்கான துணை இடத்திலோ அடுத்த தொடரிலோ இருந்தாக வேண்டும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், 1863இல் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தொடங்கிய அதே பழைய நடையில் தம் உரையைத் தொடங்கினார். லிங்கனின் பெயரை அவர் சொல்லவில்லை. அவர் நின்று பேசிய இடம் லிங்கன் நினைவகம். அடுத்த சொற்களிலேயே லிங்கன் கையொப்பமிட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்தையும் குறிப்பிட்டுவிட்டார். அதே உரையில் நீதி நீரைப்போல் பெருகட்டும் என்ற பொருளில் விவிலியத்தின் ஆமோஸ் நூல் வாசகம் ஒன்றும் வருகிறது. விவிலியம் படித்தவர்கள் அதில் தீர்க்கதரிசியின் கண்டனத்தைக் கேட்டார்கள்; படிக்காதவர்களுக்கு அது பெருகிவரும் வெள்ளமாக இருந்தது.

சூழலே விளக்கத்தைச் சுமப்பது நம் அணியிலக்கணத்துக்கும் பழக்கமானதுதான். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளில் அரசனோ பகைவரோ வரவில்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் அது நிற்பதால், எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவனை வீழ்த்துவர் என்ற பொருள் தானே கிடைக்கிறது. சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்லி உணர்த்தும் பிறிது மொழிதல் அணிக்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பேச்சாளர்கள் இந்தக் குறளை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், அது இயங்கும் முறையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

மறுமொழி: உரைகல்

இருவரும் புரியுமா என்பதையே பேசுகிறீர்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் கவலை, முழுவதும் புரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பது. நமக்கு வேண்டிய ஒரு பகுதி மட்டும் தனியே வருவதில்லை. கதை முழுவதுமே உடன் வந்துவிடும். ஒருவரைக் கர்ணன் என்று புகழ்ந்தால் கொடையோடு அவன் துரியோதனன் பக்கம் நின்றதும் நினைவுக்கு வரும். தேர்ச்சக்கரக் காட்சியிலும் அப்படியே. சக்கரத்தைத் தூக்கும்வரை பொறுக்கும்படி கர்ணன் அறத்தின் பெயரால் கேட்கிறான். திரௌபதியை அவைக்கு இழுத்து வந்தபோது உன் அறம் எங்கே போயிற்று என்று கண்ணன் திருப்பிக் கேட்கிறான். அந்த வினாவும் உங்கள் வரிக்குள் இருக்கிறது. கட்டுரையில் வரும் அதிகாரி குற்றமற்றவர் என்றால், கதையை நன்கு அறிந்த வாசகர் நீங்கள் சுமத்தாத பழியை அவர் மீது சுமத்திவிடுவார். அப்படியானால் பதிப்பாசிரியர் சொன்ன காரணத்துக்காக அல்ல, இந்தக் காரணத்துக்காகவே அந்த வரியை நீக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி: நெடுவழி

மூவருக்கும் நன்றி. உரைகல் எழுப்பிய ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டும். அந்த அதிகாரி குற்றமற்றவர் அல்லர். இளநிலையில் இருந்த காலத்தில், தம் கண்முன் ஒரு பெண் ஊழியருக்கு அநீதி இழைக்கப்பட்டபோது வாய் திறக்காமல் இருந்தவர். பிற்காலத்தில் தமக்கு அநீதி நேர்ந்தபோதுதான் விதிகளை எடுத்துப் பேசினார். ஆகவே கண்ணனின் வினா அந்த வரிக்குள் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அவர் மௌனமாக இருந்த நிகழ்ச்சி கட்டுரையில் இப்போது சக்கர வரிக்குப் பிறகே வருகிறது.

மறுமொழி: உரைகல்

அப்படியென்றால் வரியை நீக்க வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றுங்கள். மௌனத்தை முன்னே, நடந்தது நடந்தபடி, அலங்காரம் எதுவுமின்றி எழுதுங்கள். பிறகு அவர் விதிகளை எடுத்துப் பேசும் இடம் வரட்டும். அதை அடுத்துச் சக்கரத்தை வையுங்கள். கர்ணன் கதை அறியாத இளம் வாசகரும், அன்று பேசாதவர் இன்று எதைக் கேட்கிறார் என்று தாமே வினவிக்கொள்வார். பதிப்பாசிரியருக்கும் கட்டுரையை இந்த வரிசையில் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அடைப்புக்குறியை அவர் மீண்டும் கேட்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.